அம்புகளைத் திருப்புக

என் மனைவி ஜானவியின் ஆராய்ச்சியில் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் அம்புகளும்தான் உண்டு. எண்ணே கிடையாது. கணக்கு என்றால் எண் வேண்டாமா என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கணக்கில் ஒரு சௌகரியம் உண்டு. அம்புகளை மட்டும் வைத்து ஒரு தேற்றத்தை நிரூபித்துவிட்டால், எல்லா அம்புகளையும் திருப்பிப் போட்டு இன்னொரு தேற்றத்தைச் சும்மாவே பெறலாம். ஜானவி முதல் பாதியை உயிரைக் கொடுத்து எழுதினாள்; மறுபாதியின் நிரூபணத்துக்கு, 'அம்புகளைத் திருப்புக' என்று ஒரே வரி.

சனிக்கிழமை காலையில் அந்த வரியில் ஓட்டை தெரிந்தது. முதல் பாதியில் ஓரிடத்தில், புள்ளிக்குள் எட்டிப் பார்த்து, அங்கே கூட்டமாக இருக்கும் உறுப்புகளில் ஒன்றை எடுத்திருக்கிறாள். உறுப்பு அம்பு இல்லையே, எதைத் திருப்புவது? மறுபாதி போச்சு. திங்களன்று ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காவிட்டால் கிடைத்திருந்த கல்லூரி வேலையும் போச்சு. எங்கள் வலியசாலை வீட்டில் அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை, என் அம்மா லலிதாம்பாளைத் தவிர.

அம்மா போனில் தன் தங்கை பெண் ஸ்மிதாவுக்கு வரன் விசாரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் விசாரிப்பது என்றால், பையன் வீட்டுக்குப் போய் வருகிறவர்களையெல்லாம் பிடித்துக் கேட்பது. பையனையே நேரில் பார்த்துவிடலாமே என்று மறுமுனையில் சித்தி சொல்லியிருக்க வேண்டும்.

"அவனைப் பாத்து என்னடி தெரியப்போறது? அவாத்துக்குப் போறவா அத்தனை பேரையும் கேட்டாச்சுன்னா, பாக்கவே வேண்டாம், கேட்டயா."

ஜானவி சட்டென்று தலையைத் தூக்கினாள். உறுப்பை எடுத்த வரியை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். புள்ளிக்குள் பார்க்கவே வேண்டாமாம். எங்கெங்கிருந்தோ அதற்கு வரும் அம்புகளைக் கேட்டால் போதுமாம். அம்பு என்றால் திருப்பலாம். பையன் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்பதற்குப் பதில், பையன் யார் யார் வீட்டுக்குப் போகிறான் என்று கேட்பது. எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலையில் அவளுடைய வழிகாட்டி ஆனந்தகிருஷ்ணன் கூப்பிட்டார். வரிக்கு வரி பார்த்துவிட்டேன், இரண்டு பாதியும் நிற்கின்றன என்றாராம். போனை வைத்தவள் ஓவென்று அழுதாள். அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்கும் என்று சமாதானம் செய்தாள்.

"எல்லாம் சரியாயிடுத்தும்மா."

"பின்னே எதுக்குடி அழறே?"

"கார்த்தாலேர்ந்து அழக்கூட பயமா இருந்துது."