வெள்ளிக்கிழமை ஈரல்

என் மனைவி உம்மு குல்சுமும் அவளுடைய அண்ணன் தாஹிரும் இப்போது இல்லை. எங்கள் கிண்ணியா வீட்டில் அவர்களோடு இருந்து சாப்பிட்ட ஒரு பகல் மட்டும் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

அறுபத்தெட்டாம் ஆண்டு. எங்கள் மகன் அன்ஸாருக்குப் பத்து வயது. பொழுது சாய்ந்தால் அவனுக்குக் கண் தெரியாது. தாஹிருக்கும் சிறு வயதில் அப்படித்தான் தொடங்கியது. பிறகு பகலும் போய்விட்டது. தாய் வழியாக வருகிற வருத்தம், மருந்து இல்லை என்று திருகோணமலையில் கண் டாக்குத்தர் சொல்லியிருந்தார். மகனிடம் மாலைக்கண் என்றோம்; ஈரல் தின்றால் மாறும் என்றோம். குல்சும் அதை நம்பவும் செய்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் ஆட்டீரல் வந்தது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு குர்ஆன் ஓதப்போகும் வழியில் பையன்கள், "டேய் கோழி, இன்னும் கூட்டுக்குப் போகல்லயா?" என்று கத்துவார்கள். முதலில் ஓதப்போவதை நிறுத்தினான். பிறகு பேச்சைக் குறைத்தான். கடைசியில் சோற்றையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். மாமனின் பக்கத்தில் போகமாட்டான். ஆனால் அவர் சுவரைத் தடவி நடப்பதைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். பிள்ளை மெலிந்துகொண்டு போனான். எங்களுக்கும் அலுத்துப்போயிருந்தது.

அன்று ஜும்ஆ முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். குல்சும் வைத்த ஈரலை அவன் தள்ளிவிட்டான்.

"தின்னு மனே, கண்ணுக்கு நல்லம்."

"மாமாவும் இதத்தானே தின்ட?"

தாஹிர்தான் சிரித்தார்.

"ஓம் மனே. நான் தின்ட தீனுக்கு ஊரில ஆடே மிஞ்சல்ல."

"அப்ப நானும் உங்களப் போல வருவனா?"

"நானா, சும்மா இரிங்க!" என்று அண்ணனைத் தடுத்தாள் குல்சும்.

"பிள்ள கேக்குது, பொய் சொல்ல ஏலாது. வரலாம் மனே. அதுக்கு இன்னும் கன காலம் இரிக்கி."

அழுவான் என்று பயந்தேன். அவன் நகர்ந்து போய் மாமனை ஒட்டி உட்கார்ந்தான்.

"கனவு தெரியுமா மாமா?"

"தெரியும். முந்தநாளும் உன்ட உம்மாவக் கண்ட. ரெட்டப் பின்னல், மூக்குச் சளி."

"ஆருக்குச் சளி?" என்றாள் குல்சும், அழுகையோடு.

மீன் முள்ளை எப்படி எடுப்பது, ஆளை எப்படி அறிவது, பயமில்லையா என்று கேட்டுக்கொண்டே போனான்.

"உன்ட வயசிலதான் கூடுதலாப் பயம்," என்றார் தாஹிர். "என்னோட ஒருத்தரும் இதக் கதைக்கல்ல."

அன்ஸார் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். அவன் தின்று முடிக்கும்வரை நாங்கள் மூவரும் எழும்பவில்லை.