சுரண்டாத இடம்

ஆறு பேர் குனிந்து சவப்பெட்டிக்கு அடியில் கை கொடுத்துவிட்டார்கள். அப்போதுதான் ஆலிஸ் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"தூக்காதீங்க. அரக்கோணத்துலேர்ந்து எல்சி அத்தை வந்துகினு கீது. கூடப் பொறந்தது மூஞ்சியப் பாக்காம எப்பிடி எடுக்கறது?"

தூக்க வந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அவள் புருஷன் தாமஸ் மட்டும் அவளை ஓரமாக இழுத்தான்.

"அத்தைக்கு யாரு சொன்னது?"

"தந்தி போயிருக்கு."

தந்தி எதுவும் போகவில்லை. அண்ணன் விடிகாலையில் செத்துப்போனது தெரியாமல் எல்சி அத்தை அரக்கோணத்தில் சோறு வடித்துக்கொண்டிருப்பாள். ஆலிஸுக்கு வேண்டியது அத்தை இல்லை, சாயங்காலம். துறைமுகத்தில் கடல்மட்டம் உயர்ந்து தாமஸ் ஏற வேண்டிய படகு கிளம்பும் வரை அவன் இந்த வீட்டை விட்டு நகரக் கூடாது. மகன் இல்லாத வீட்டில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டியவன் மருமகன். பெட்டி வீட்டில் இருக்கிற வரை அவனும் இருந்துதான் ஆக வேண்டும்.

பெட்டிக்குள் கிடந்த ஆலிஸின் அப்பா அருள்பிரகாசம் கப்பல் பட்டறையில் பெயிண்ட் இன்ஸ்பெக்டர். பெயிண்ட் அடிக்கிறவர் இல்லை; அடிப்பதற்கு முன்னால் இரும்பு சுத்தமா, அடித்த பின்னால் பூச்சு சரியா என்று பார்க்கிறவர். சுத்தியலால் தட்டுவார், கத்தியால் சுரண்டுவார், தகட்டில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்ப்பார். கரித்தால் சாக்கட்டியால் ஒரு வட்டம். வட்டம் போட்ட இடத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, வெள்ளை இரும்பு தெரிகிற வரை பழைய துருவைச் சுரண்டி, கடல்காற்று திரும்புவதற்குள் முதல் பூச்சு பூசியாக வேண்டும். இல்லையென்றால் மறுபடி வட்டம். ராயபுரத்தில் பாதிப் பேருக்கு அவர் மேல் ஆத்திரம். மீதிப் பேருக்கு அவரைத் தெரியாது.

கடைசியாக அவர் வட்டம் போட்டது, வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் இரும்புப் படகில்; தெருவில் அதைத் தண்ணிப் போட்டு என்பார்கள். பல மாதம் வேலையில்லாமல் கிடந்த தாமஸுக்கு அந்தப் படகில்தான் எஞ்சின் வேலை கிடைத்திருந்தது. காய்ச்சலில் படுத்த அருள்பிரகாசம் நேற்று மாலை மகளைக் கிட்டே கூப்பிட்டார்.

"அடித் தகடு அப்பளமாட்டம் கீது ஆலீசு. துரு மேலயே பெயிண்ட் அட்ச்சா உள்ள அது துன்னுகினே இருக்கும். வெளிய பளபளன்னு கீதேன்னு அவன ஏத்திடாதே."

அவள் தாமஸிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "உங்க நைனாவுக்குத் திருப்பலி மணியில கூட துருதான் தெரியும்."

ஆனி மாத வெயில். பெட்டியைச் சுற்றி வைத்த ஐஸ் பாளங்கள் மரத்தூளோடு கரைந்து நடையில் ஓடின. மாதா கோயிலில் சாமியார் காத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லக் கோயில்பிள்ளை வந்தார். இரண்டாம் தடவை வந்தபோது வாசலுக்கு வெளியிலேயே நின்று, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு சொன்னார். அப்பாவின் வயிறு கோட்டுப் பொத்தானை இழுத்துக்கொண்டு உயர்ந்திருந்தது. மூக்கில் வைத்த பஞ்சு நனைந்துவிட, ஆலிஸ் அதை எடுத்துவிட்டு வேறு பஞ்சு வைத்தாள். பெற்ற அப்பாவை அழுக விடுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அத்தை வரட்டும் என்றாள்.

தூக்க வந்தவர்களைக் கூட்டிவந்தவர் மஜீது, பட்டறையின் பெயிண்ட் மேஸ்திரி, அதே தெருக்காரர். அருள்பிரகாசத்தோடு அவர் சண்டை போடாத நாள் கிடையாது. செய்தி கேட்டதும் முதலில் ஓடி வந்ததும் அவர்தான். பக்கத்து வீட்டிலிருந்து வந்த டீயை ஆலிஸ் அவர் கையில் கொடுத்தாள்.

"மஜீது பாய், தண்ணிப் போட்டுல நைனா வட்டம் போட்ட எடத்தச் சுரண்டிட்டா அட்ச்சீங்க?"

மஜீது டீயைக் குடிக்காமல் பெட்டியைப் பார்த்தார்.

"சுரண்டுனா தகடே கையோட வந்துடும்மா. அப்பால தகடு மாத்தணும், போட்டு மாசக்கணக்குல கரையில நிக்கும். என் ஆளுங்க அத்தினி பேரும் பட்டினி. இவுரு படுத்துட்டாரு, எஞ்சினீரு கையெழுத்துப் போட்டுட்டாரு. மேலயே ரெண்டு கோட்டு அட்ச்சுட்டோம்." குரல் இறங்கியது. "இந்தத் தபா தாங்கும். அல்லா கீறான்."

ஆலிஸ் பெட்டியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள்.

நிழல் எதிர்வீட்டுச் சுவரில் ஏறியது. தாமஸ் தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்தான். ஒரு தடவை சட்டையை மாட்டிக்கொண்டே வந்து, "போய்த் தலையக் காட்டிட்டு ஓடியாந்துடறேன்" என்றான்.

"எங்க நைனாவுக்குச் சிலுவை தூக்க நான் எவனத் தேடுவேன்?" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

துறைமுகப் பக்கமிருந்து சங்கு நீளமாகக் கேட்டது. கிளம்பும்போது ஊதும் தண்ணீர்ப் படகின் சங்கு அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

"அத்தைய இன்னும் காணோம். எடுத்துடலாம்" என்றாள் ஆலிஸ்.

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. புருஷன் பிழைத்தான் என்ற நிம்மதியும் அப்பா போன துக்கமும் ஒன்றாகச் சேர, நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் அவர் மேல் விழுந்து அழுதாள். தாமஸ் அவளைத் தூக்கி நிறுத்தினான். அவன் முகம் தெளிந்திருந்தது.

"வேல போச்சுன்னுதான் பயந்துகினு இருந்தேன். போவல. எனக்குப் பதிலா நம்ம அமீரு ஏறிட்டான். நான்தான் தெருமுனைல புட்ச்சு அனுப்பி வச்சேன்."

அமீர் மஜீதின் ஒரே மகன். போன வருஷம்தான் கல்யாணம் ஆனவன்.

"பாய்க்குத் தெரியுமா?"

"அவுருக்கு எப்பிடித் தெரியும்? காலைலேர்ந்து இங்கதான குந்திகினு கீறாரு. புள்ளைக்கு ஒரு வேல கெட்ச்சுதேன்னு சந்தோசப்படுவாரு."

தாமஸ் சிலுவையை வாங்கிக்கொண்டு முன்னால் போனான். பெட்டி தெருவில் இறங்கியது. முன்பக்கம் மஜீது தோள் கொடுத்திருந்தார். ஆலிஸ் பின்னால் வந்த பெண்களை விட்டுவிட்டு வேகமாக நடந்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று கொஞ்ச தூரம் நினைத்தாள். அதற்குள் அவர் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"பாய்."

"அழுவாதம்மா. மகராசனாட்டம் போறாரு."

"தண்ணிப் போட்டுல தாமசுக்குப் பதிலா அமீரு போயிருக்கான்."

மஜீது நின்றுவிட்டார். மற்றவர்கள் ஓரடி முன்னால் வைத்துவிட்டதில் பெட்டி கோணிக்கொண்டது. தோளை எடுத்தால் பெட்டி விழும். அவர் முகத்தை மட்டும் கடல் பக்கம் திருப்பினார்.

"இன்னா மேஸ்திரி, நடங்க" என்றான் பின்னால் தூக்கியவன்.