இரண்டாவது சாட்சி

1987 செப்டம்பர் 17, வியாழக்கிழமை. வன்னியர் இட ஒதுக்கீட்டுக்கான ஒரு வாரச் சாலை மறியல் அன்று தொடங்கியது. வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகும் சாலையில் நான்கு புளியமரங்கள் குறுக்கே கிடந்தன.

முதல் மரத்தருகே அம்மாசி மாட்டு வண்டியை நிறுத்தினார். உள்ளே வைக்கோல்மேல் சாய்ந்திருந்த காசிநாதனுக்குக் காலிரண்டும் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கொளஞ்சியம்மாள் மடியிலிருந்த மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் வெள்ளைத்தாளில் எழுதி, காசிநாதன் இன்னும் கையெழுத்துப் போடாத உயில் இருந்தது. இன்று பத்திர ஆபீசில் முத்திரைத்தாளில் ஏற்றி, பதிவு செய்ய வேண்டும்.

ஆடியிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை. பத்திரம் எழுதும் தனசேகரன் அப்போதே சொல்லிவிட்டார்: "மொத சம்சாரம் உசுரோட இருக்கறப்ப கட்டின தாலி சட்டத்துல நிக்காதும்மா." பிள்ளை இல்லையென்று பெண் பார்த்துக் கொளஞ்சியைக் காசிநாதனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவைத்ததே மூத்தவள் செல்லியம்மாள்தான். அவள் செத்து ஆறு வருஷமாகிறது. இருபத்தைந்து வருஷம் அந்த வீட்டில் உலை வைத்தவளுக்கு, உயில் இல்லாவிட்டால் ஒரு செங்கல்கூடக் கிடையாது. எல்லாம் காசிநாதனின் செத்துப்போன தம்பியின் மகன் தீனதயாளனுக்குப் போகும்.

"வெள்ளத்தாளே போதுங்க. ரெண்டு சாட்சி கண்ணால பாத்து கையெழுத்து போட்டா செல்லும்" என்றும் தனசேகரன் சொன்னார்.

"முத்திரையில்லாத உயிலு தாலியில்லாத கல்யாணம்" என்று காசிநாதன் வாயை அடைத்துவிட்டார். தாலி இருந்தும் செல்லாத கல்யாணத்தை என்ன சொல்வது என்று கொளஞ்சியம்மாள் கேட்கவில்லை. ஆடியில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். ஆவணியில் நாள் சரியில்லை என்றார். ஜோசியர் குறித்துக் கொடுத்தது இந்த வியாழக்கிழமை.

மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து அரிவாளோடு வந்தவன் தீனதயாளன்.

"இன்னா பெரியம்மா, இந்நேரத்துல எங்க?"

"ஆஸ்பத்திரிக்குடா. பெரியப்பாவுக்கு மூச்சு முட்டுது."

"டேய், நோயாளி வண்டி! வழி வுடுங்கடா!" என்று கத்தினான். ஆட்கள் கிளைகளை இழுத்துப்போட்டார்கள். மீதி மூன்று மரங்களிலும் வழி கேட்டு வாங்கியபடி அவனும் கூடவே நடந்து வந்தான். அவள் சொன்ன பொய் இப்போது அவளை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய்க்கொண்டிருந்தது. வழியில் பத்திர ஆபீஸ் கதவில் பூட்டுத் தொங்கியதைப் பார்த்தாள்.

டாக்டர் ஊசி போட்டுப் படுக்கவைத்தார். தீனதயாளன் டீ வாங்கப் போனான்.

"ஆபீசு பூட்டிக் கெடக்குதா?" என்றார் காசிநாதன்.

"கெடக்குது."

"சரி, வழி தொறந்ததும் பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் நீங்க இருப்பீங்களா?"

இருபத்தைந்து வருஷத்தில் அவரிடம் அவள் அப்படிப் பேசியதில்லை.  காசிநாதன் பேனாவுக்குக் கை நீட்டினார். நர்ஸ் நிர்மலாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். இன்னொரு ஆள் வேண்டும். அம்மாசி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். அந்த நேரம் டீயோடு தீனதயாளன் உள்ளே வந்தான். தாளை மறைக்க நேரமில்லை.

அவன் டீயை அவளிடம் கொடுத்துவிட்டு, தாளை வாங்கிப் படித்தான். "வூடு, கெணத்து நெலம், ரெண்டும் பெரியம்மாவுக்கா?"



"நீ கவர்மெண்டாண்ட பங்கு கேட்டு மரத்த வெட்டற. இவ எங்கிட்ட கேட்டா தப்பாடா?" என்றார் காசிநாதன். "சாட்சிக்கு ஓராளு கம்மி."

தீனதயாளன் தாளைத் திருப்பினான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பிறகு சிரித்தான். "முத்திர இல்ல, ஒண்ணும் இல்ல. மளிகச் சிட்டையாட்டம் இருக்குது. உங்க மனசு ஏன் கெடணும், குடுங்க."

காசிநாதன் கையெழுத்துப் போடுவதை இருவரும் பார்த்தார்கள். நிர்மலா போட்டாள். போட்டுவிட்டு, "எங்க மாமனாரும் இப்பிடித்தான் வெள்ளத்தாள்ல" என்று ஆரம்பித்தாள்.

கொளஞ்சியம்மாளின் கையிலிருந்த டீ டம்ளர் தரையில் விழுந்து சிதறியது.

"ஐயோ, பாத்தும்மா, கண்ணாடி!" நிர்மலா துடைப்பம் எடுக்க ஓடினாள். தீனதயாளன் சிரிப்பு அடங்காமலே தன் பெயரை முழுசாக, தகப்பன் பெயரோடு எழுதினான்.

"இன்னா பெரியம்மா, டம்ளரு நழுவிப்போச்சா? பெரியப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு மறியலுக்குத் திரும்பிப் போனான்.

காசிநாதன் அந்தக் கார்த்திகையில் இறந்தார். முத்திரையில்லாத உயில் செல்லாதென்று தீனதயாளன் வழக்குப் போட்டான். விசாரணையில் இரண்டாவது சாட்சியின் கையெழுத்து தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டான். 1991இல் தீர்ப்பு வந்தது. வீடும் கிணற்று நிலம் ஒன்றரை ஏக்கரும் கொளஞ்சியம்மாள் பெயருக்கு மாறின.