ஒச்சாயிக்குப் பிறந்த வீட்டுக் கோடி

அவனியாபுரத்து மொக்கையன் மனைவி ஒச்சாயி இறந்த அன்று அவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடித்துணி ஜப்பானிலிருந்து வந்தது. வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு, மாசி மாதம், வெயில் ஏறுவதற்கு முன்பு.

அதற்கு நாலு வருடத்துக்கு முன்னால் அந்தத் தேசத்தில் பூமி குலுங்கி ஊர் ஊராகத் தீப்பிடித்தது. மதுரையிலிருந்து ஹாலாஸ்யம் வாத்தியார் வண்டி கட்டிக்கொண்டு அவர்களுக்குத் துணி சேர்க்க வந்தார். ஒச்சாயி பெட்டியைத் திறந்து மடிப்புக் கலையாத கண்டாங்கிச் சேலையை எடுத்தாள். இழவு வீட்டுக்குத் தண்ணீர் படாத துணிதான் போக வேண்டும் என்பது அவள் கட்சி. மொக்கையன் அதைப் பிடுங்கி உள்ளே போட்டுவிட்டு, கிழிந்துபோன தன் வேட்டியைச் சுருட்டி வண்டியில் எறிந்தான்.

"ஜப்பான்காரன் என்ன நமக்கு மாமனா மச்சானாடி? இம்புட்டுப் போதும்."

"எறியாதீக. கையில குடுக்கணும்," என்ற ஒச்சாயி, வேட்டியைத் திரும்ப எடுத்து நீவி மடித்து, இரண்டு கையாலும் வாத்தியாரிடம் கொடுத்தாள். பிறகு மூன்று வெள்ளாமை எடுத்தார்கள், இரண்டு மாடு விற்றார்கள். காய்ச்சல் கண்ட ஒன்பதாம் நாள் அவள் போய்ச் சேர்ந்தாள்.

பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் பாடையைத் தூக்கக்கூடாது. திருவாதவூரில் அவள் பிறந்த வீட்டில் காலராவுக்குப் பிறகு ஆளே இல்லை. "ஒத்தக் கோடிக்கு நாதியில்லாமயாப்பா போகப்போறா?" என்று பங்காளி பேயாண்டி கேட்டபோது, கண்மாய்க்கரை மேல் ஒரு ஆணும் பெண்ணும் வந்தார்கள். முழங்கால் வரை கடலுப்பு, முகத்தில் நாலு வருடத்துக் கரி. கொட்டுக்காரர்கள் முன்னே போய் முறைப்படி அழைத்து வந்தார்கள். அவர்கள் பாஷை ஒருவருக்கும் தெரியாது, எல்லாருக்கும் விளங்கியது.

"எந்தூரு நீங்க?" என்றான் பேயாண்டி.

"யோகோகாமா," என்றார் அந்த ஆள். "துணி குடுத்தவ எங்க வீட்டுப் பொண்ணு. அவளுக்குக் கோடி கொண்டாந்திருக்கோம்."

கஞ்சி மணக்கும் புதுத்துணி. கொண்டவன்தான் வாங்க வேண்டும். மொக்கையன் கை நீட்டவில்லை.

"நான் கிழிசலத்தான் குடுத்தேன் மச்சான்," என்றான், ஊர் கேட்க.

அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். "தெரியும். எங்க மக மேல அதத்தான் போத்துனோம். கிழிசல் வெளிய தெரியாம மடிச்சுவிட்டேன்."

மொக்கையன் வாங்கினான். அவர்கள் அடக்கம் முடியும்வரை இருந்து, கண்மாயில் குளித்துவிட்டு வந்த வழியே போனார்கள். அதிலிருந்து ஊரில் எந்த விசேஷம் என்றாலும் கண்மாய்க்கரையில் கிழக்கே பார்த்து அவர்களுக்கும் ஒரு வெற்றிலை பாக்கு வைத்தார்கள்.

நாற்பத்திரண்டில், யுத்தம் கிட்டே வந்தபோது, ஜப்பான்காரனுக்கு வேண்டியவன் எவனாவது உண்டா என்று இன்ஸ்பெக்டர் சாவடியில் வந்து விசாரித்தார்.

"இந்தா, மொக்கையன் இருக்கானுங்க. பொண்ணெடுத்த வீடு," என்றான் பேயாண்டி.

மொக்கையன் எழுந்து, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். மரியாதை தனக்கென்று எண்ணிய இன்ஸ்பெக்டர், "உட்காருய்யா," என்றார். அவன் உட்காரவில்லை. அந்த வீட்டைப் பற்றிப் பேச்சு நடக்கும்போது அவன் உட்கார்ந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது.