காஸியன் தடம்

ரெகினா நின்ற இடத்தில் புதுப்பனி முழங்காலைத் தாண்டியிருந்தது. காஸியனைக் கேட்டால் கழுத்து வரை என்பான். அவன் பேச்சில் விழும் பனி எப்போதுமே ஆளை முழுங்கும் பனிதான். ஆனால் ஏறும்போது, உச்சிக்குக் கீழே கடைசி நாலடி தவிர, மிதிபடாத பனியில் அவன் கால் பட்டு இருபது குளிர்காலம் ஆகிறது. ரெகினா முன்னால் நெஞ்சு வெடிக்க உழுதுகொண்டு போவாள். ஏற்றத்தில் வழுக்காதபடி அடியில் பட்டை ஒட்டிய அவளுடைய சறுக்குப் பலகைகள் அழுத்திவிட்டுப் போன இரட்டைக் கோட்டில், தண்டவாளத்தில் ரயில் போல, சீட்டியடித்துக்கொண்டு இவன் வருவான். செத்துப்போன கணவனின் தம்பி ஆயிற்றே என்று அவளும் விட்டுவைத்திருந்தாள். எழுபதை நெருங்கும் வயதில் அவள் தொடைகள் தேவதாரு மரமாக இறுகிப்போனதற்கு அந்த டிரோல் பள்ளத்தாக்கே காஸியனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அவள் போடும் தடம் அப்படி. நிரம்பிய காப்பிக் கோப்பையோடு ஏறினாலும் துளி சிந்தாது. சரிவு முறைக்கிற இடத்தில் ஒதுங்கி, இளகுகிற இடத்தில் ஏறி, மலைக்கே தெரியாமல் உச்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். ஷாஃப்கோஃபெல் சிகரத்துக்கு வடக்கிலிருந்து வழியே கிடையாது என்று பெரிய பெரிய வழிகாட்டிகள் கைவிரித்த காலத்தில், மரங்களுக்கும் பாறைக்கும் நடுவே அந்த வழியைத் தேடிப் பிடித்தவள் அவள்தான். மலையில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: தடம் போட்டு ஏறியவருக்கே, இறங்கும்போது தொடாத பனியில் முதல் சறுக்கல். உச்சியில் நட்டிருக்கும் சிலுவை தெரிய ஆரம்பித்ததும் காஸியன், "தள்ளிக்கங்க அண்ணி, களைச்சுப்போயிட்டீங்க, மிச்சத்த நான் போடறேன்" என்று முந்திக்கொள்வான். சிலுவையை முதலில் தொடுவதும் அவன், முதல் கோடு இழுப்பதும் அவன். சாயங்காலம் விடுதியில் உட்கார்ந்து அவன் சொல்லும் கதையில் மலை இன்னும் இருநூறு மீட்டர் வளர்ந்திருக்கும். ரெகினா இருந்த இடத்தில் வெறும் காற்று அடித்துக்கொண்டிருக்கும்.

அதையும் பொறுத்தாள். பொறுக்க முடியாமல் போனது அந்தப் பெயர்ப்பலகையைத்தான். வரும் ஞாயிறு ஊர்க்காரர்கள் விழா எடுத்து அதை மலையடிவாரத்தில், வண்டிகள் நிறுத்துமிடத்தில் நடப்போகிறார்கள். தீயணைப்புக் கொட்டகையில் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்ததை அவளே பார்த்தாள். 'காஸியன் தடம்' என்று மஞ்சள் எழுத்து. இன்று காலை பூட்ஸ் மாட்டும்போது கேட்டாள்.

"அந்த வழிய யாரு கண்டுபிடிச்சதுன்னு அவங்ககிட்டச் சொன்னியாடா?"

"ஒரே குடும்பம்தானே அண்ணி. யாரு பேரு போட்டா என்ன?"

"அப்ப என் பேரப் போடச் சொல்லு."

"உங்க பேரா? அதப் பாத்துட்டு, பொம்பள போற வழி, சுலபமாத்தான் இருக்கும்னு கண்டவனும் ஏறிடுவான். ஆபத்து அண்ணி."

ரெகினா பலகைகளை மாட்டிக்கொண்டாள். வழக்கம்போல முன்னால் நடந்தாள்.

போன இலையுதிர்காலத்தில் காஸியனுக்கு இடது இடுப்பு மூட்டை மாற்றி உலோகம் வைத்தார்கள். பழையதைவிட ஜோராக இருக்கிறது, மலையாடு போலத் தாவுகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் விடுதி பெஞ்சில் இடக்காலை வெளிப்பக்கம் மலர்த்தி உள்ளே நுழைய முடியாமல், மேசையைச் சுற்றி வந்து மறுமுனையில் அவன் உட்காருவதை ரெகினா கவனித்து வைத்திருந்தாள். செங்குத்தான சரிவில் தடம் வளைந்து வளைந்துதான் ஏறும். வளைவுக்கு இடமில்லாவிட்டால், நின்றபடியே ஒரு காலைத் தூக்கிப் பலகையை எதிர்த்திசைக்குத் திருப்பி வைத்து, உடம்பை அதன்மேல் மாற்றி, மற்றக் காலையும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இடப்புறம் திரும்ப, இடது இடுப்பு கதவு போலத் திறக்க வேண்டும். இன்று காலை முழுக்க இடப்புறத் திருப்பங்களை எல்லாம் அகல வளைத்து, மெத்தை விரித்துக் கொடுத்தாள். ஓடைப் பள்ளத்துக்கு மேலே, கூரையாய்ச் சாய்ந்த சரிவில் மட்டும், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரே ஒரு இடப்புறத் திருப்பம். போட்டாள் என்பதைவிடச் செதுக்கினாள் என்று சொல்லலாம். பிறகு மேலே போய் ஒரு பாறையில் உட்கார்ந்து, ரொட்டியையும் புகையிட்ட பன்றிக்கறியையும் பிரித்தாள்.

காஸியன் தலை நிமிராமல் வந்தான். தடம் இருக்கும்போது எதற்கு நிமிர வேண்டும். இடக்காலைத் தூக்கினான், முனகினான், எப்படியோ பலகையை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தும்விட்டான். அதோடு இடுப்பு பூட்டிக்கொண்டது. ஒரு பலகை கிழக்கே வியன்னாவையும் மற்றது மேற்கே சுவிட்சர்லாந்தையும் பார்க்க, நடுவில் காஸியன் கிழியக் காத்திருந்தான். சீட்டி நின்றது.

"அண்ணி."

அவள் மென்றாள்.

"அண்ணி, கொஞ்சம் எறங்கி வாங்க. இந்தப் பலகையோட வாலத் தட்டிவிட்டாப் போதும்."

"வழி யாரு கண்டுபிடிச்சது?"

"இப்பவா கேக்கறது இத?"

"எனக்கு அவசரமில்ல. நிதானமா யோசிச்சுச் சொல்லு."

கீழே பள்ளத்தில், பனிக்கடியில் ஓடை முணுமுணுத்தது. விழுந்தால் உயிர் போகாது. புது இடுப்புதான் போகும். அவன் தொடை தையல் இயந்திரம் போல நடுங்க ஆரம்பித்தது பாறையிலிருந்தே தெரிந்தது.

"நீங்கதான்" என்றான்.

"காத்து அடிக்குது. கேக்கல."

"நீங்கதான் அண்ணி. நீங்கதான் கண்டுபிடிச்சீங்க."

"ஞாயித்துக்கிழம மைக்ல சொல்லுவியா?"

சொல்லுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் கீழ் வளைவில் பேச்சுக்குரல் கேட்டது. மியூனிக் பக்கத்து ஆட்கள், ஒரு பெண்ணும் அவள் புருஷனும், தடத்தைப் பிடித்து ஏறி வந்தார்கள். அந்தப் பெண் காஸியனைக் கண்டதும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"நீங்க காஸியன்தானே? சுற்றுலா ஆபீஸ்ல உங்க படம் பாத்தோம். தடம் வெண்ணெ மாதிரி இருக்குங்க. என்ன, நின்னுட்டீங்க? ஏதாவது உதவி பண்ணட்டுமா?"

ரெகினா மெல்லுவதை நிறுத்தினாள். அவர்களில் யாராவது விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். காஸியன் முகத்திலிருந்த வலியைச் சுருட்டி எங்கேயோ ஒளித்தான். முதுகு நிமிர்ந்தது.

"உதவியா, எனக்கா? பனி எப்படிப் படிஞ்சிருக்குன்னு சோதிச்சுட்டிருக்கேன். ரெண்டு காலையும் எதிரெதிரா வச்சு அழுத்தினாத்தான் அடில இருக்கறது தெரியும். நீங்க போங்கம்மா."

அவர்கள் பக்தியோடு தடத்தை விட்டு விலகி, மிதிபடாத பனியில் திண்டாடி, அவனைச் சுற்றிக்கொண்டு மேலே வந்தார்கள். பாறையருகே தடம் முடிந்திருந்தது.

"அவரு எத்தன நேரம் அப்படியே நிப்பாரு பாட்டி?" என்று புருஷன்காரன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"காஸியனா? பொழுதுக்கும் நிப்பாரு. நடுவுல போய்த் தொட்டா கடிச்சிடுவாரு" என்றாள் ரெகினா. "மிச்சம் கொஞ்சந்தான், நீங்களே தடம் போடுங்க. முதல் சறுக்கலும் உங்களுக்குத்தான். சிலுவைகிட்டப் போனதும் அவருக்குக் கையாட்டுங்க. ரொம்பப் பிடிக்கும்."

கொஞ்ச நேரத்தில் முகட்டில் இரண்டு சின்ன உருவங்கள் தோன்றிக் கையாட்டின. காஸியன் அண்ணாந்து பார்த்தான். அவனைச் சரிவோடு பிடித்து வைத்திருந்தவை இரண்டு கைக்கம்புகள்தான். ஒன்றைப் பிடுங்கி உயர்த்தி ஆட்டினான். பலகை ஒரு விரல் அகலம் நழுவியது. மேலே அவர்கள் விடுவதாக இல்லை; குதித்துக் குதித்து ஆட்டினார்கள். பல்லெல்லாம் தெரிய அவனும் மறுபடி ஆட்டினான். இன்னொரு விரல். ரெகினா குடுவையைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டாள். ஆவிக்கு அப்பால், அவன் கம்பு மூன்றாம் முறையாக மெல்ல உயர்ந்துகொண்டிருந்தது.