சனிக்கிழமைத் தண்ணீர்

செய்தி முதலில் கைபேசியில்தான் வந்தது. அதுவே முதல் தப்பு என்று தராசக்கா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதியில் அவளுக்கு வேலை. ஆற்றங்கரைத் தெருவில், சாலையைவிடத் தாழ்ந்த ஒரு தரைத்தளம், ஆறு கட்டில்கள். அன்று காலை அவளும், அங்கேயே வேலை பார்க்கும் அவள் நாத்தனாரும், ஆறு பேரில் ஒருவரான பழைய பள்ளி வாத்தியாரைப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். தானாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போடாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் கன்றிப் புண் விழுந்துவிடும். வாத்தியாருக்குக் கனத்த சரீரம். ஒருத்தி தோளையும் ஒருத்தி இடுப்பையும் பிடித்து, மூச்சை ஒன்றாக இழுத்துத்தான் திருப்ப வேண்டும். ஒற்றை ஆளால் நடக்கிற காரியம் அல்ல.

முதுகுக்குத் தலையணை கொடுத்த கையோடு நாத்தனார் இடுப்பில் அதிர்ந்த கைபேசியை எடுத்துக் காதில் வைத்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது.

"அண்ணி, எச்சரிப்புக்காரர் பேசி அனுப்பியிருக்கார். சனிக்கிழமை ஆறு ஊருக்குள்ள வருதாம். கீழ்த்தெருவுல ஒரு வீடு தப்பாதாம். எல்லாரும் மலைக்குப் போயிடுங்கன்னு சொல்றார்."

"நான் பார்த்த வெள்ளமெல்லாம் சொல்லாம கொள்ளாம வந்ததுதான்," என்றார் வாத்தியார், சுவரைப் பார்த்தபடி. "இது மரியாதை தெரிஞ்ச வெள்ளம் போல."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர்கள் சபையில் தரிசனம் கண்டு சொல்பவர் அவர். போன வருஷம் அதே எச்சரிப்புக்காரர் நெருப்பைக் கண்டேன் என்றார். மாதம் திரும்புவதற்குள் மரக்கடை முழுக்க எரிந்து கரிக்கட்டையாகக் கிடந்தது. அன்றிலிருந்து அவர் தும்மினால்கூட சபையில் பாதிப் பேர் முழங்காலில் நிற்பார்கள்.

டயர்கடைக்கு மேலே மாடியில் கூடுகிற சின்னச் சபை அது. ஜெபத்தோடு ரப்பர் வாசனையும் சேர்ந்தே மேலே போகும். ஆனால் அங்கே ஒரு நல்ல வழக்கம் இருந்தது. யாராவது எழுந்து, ஆண்டவர் எனக்கு இப்படிக் காட்டினார் என்று சொன்னால், சொல்லி முடித்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு பேர் அதை நிதானிப்பார்கள். கேள்வி கேட்பார்கள், வேதத்தோடு ஒத்துப்பார்ப்பார்கள். அதற்கு அப்புறம்தான் சபை அந்த வார்த்தையை எடுத்துக்கொள்ளும், அல்லது விட்டுவிடும். இருவரில் ஒருவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். மற்றவள் இவள். தராசக்கா என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

இந்த முறை வார்த்தை சபைக்கு வரவில்லை. நேரே ஒவ்வொருவர் காதுக்கும் போய்விட்டது. வியாழக்கிழமை மாலை நிதானிக்கக் கூடியபோது மாடிப்படி முழுக்க மூட்டைகள். ஏறி வருவதற்கே தராசக்கா பக்கவாட்டில் நடக்க வேண்டியிருந்தது.

"மூட்டை கட்டின பிறகு தராசுல நிறுத்தா, மூட்டையோட எடைதானே தெரியும்," என்று அவள் முணுமுணுத்தாள்.

எச்சரிப்புக்காரர் முன் நாற்காலியில் இருந்தார். ஏமாற்றுக்காரர் அல்ல, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்தபடியே இருந்தார். அதைப் பார்த்துத்தான் தராசக்காவையும் பயம் தொட்டது. அவளும் காலையில் பார்த்திருந்தாள்: விடுதிச் சுவரில் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக மேலே போயின. தெருநாய் ஒன்றைக்கூடக் காணவில்லை. ஆறு செம்மண் நிறத்தில், சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

கடிகாரக்காரர் தொடங்கினார். "அணைக்காரங்களுக்கு போன் போட்டுக் கேட்டேன். தண்ணி ஏறியிருக்கு, ஆனா கரைக்குள்ளதான் போகுது, காலி பண்ணச் சொல்லி உத்தரவு எதுவும் இல்லைன்னாங்க."

"பிரளயத்துக்கு முன்னால அந்த நீதிமான் பேழை கட்டினப்பவும் ஜனங்க இப்படித்தான் பேசினாங்க," என்றார் எச்சரிப்புக்காரர்.

"அவர் பேழை கட்டினார்," என்றாள் தராசக்கா. "நாம வேன்தானே பிடிச்சிருக்கோம்."

பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமினார்கள்.

"நீங்க சொல்றது பொய்யின்னு நான் சொல்லல, ஐயா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்க விடுதியில ஆறு பேர் எழுந்திரிக்க முடியாம கிடக்கறாங்க. அங்க வேலை பாக்கறவங்க அத்தனை பேரும் இந்தச் சபைதான். அந்த ஆறு பேரைப் பத்தி உங்களுக்குக் கிடைச்ச வார்த்தை என்ன சொல்லுச்சு?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அதை எனக்குக் காட்டல."

"ஆதிச் சபையிலயும் ஒருத்தர் எழுந்து பஞ்சம் வரப்போகுதுன்னு சொன்னார். பஞ்சம் வரத்தான் செஞ்சுது. ஆனா கேட்டவங்க யாரும் ஓடல. அவங்கவங்க சக்திக்குத் தக்க எடுத்து, கஷ்டப்படப்போறவங்களுக்கு அனுப்பி வெச்சாங்க. எச்சரிப்பு வந்தா அதுக்குத்தானே வரும்? யாரைத் தாங்கணும்னு காட்டத்தானே?" அவள் எச்சரிப்புக்காரர் பக்கம் திரும்பினாள். "உங்க வார்த்தை மெய்யா இருந்தா அந்த ஆறு பேரையும் மேல தூக்கணும். பொய்யா இருந்தா வழக்கம்போல பக்கம் திருப்பணும். ரெண்டுலயும் விட்டுட்டு ஓடுறது மட்டும் வரல. நான் நிதானிச்சது இவ்வளவுதான்."

"ஆண்டவர் அவங்களைப் பார்த்துப்பார்," என்றது ஒரு பெண்குரல்.

"பார்த்துப்பார். யார் கையால?"

அதுவரை ஓரமாக இருந்த சபைப் பாஸ்டர் எழுந்து வேதத்தை மூடினார். பிறகு, யாரையும் பார்க்காமல், "வேன் நாளைக்குக் காலையில வரும்," என்றார். கூட்டம் கலைந்தது.

காலையில் நாத்தனார் விடுதி வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"என் பொண்ணு நிறைமாசம், அண்ணி. நான் போயாகணும். நீயும் வா."

"நீ போ. போகாதேன்னு சொல்லுவேனா? போய் அவளைப் பத்திரமா விடு."

"அன்னைக்கு மழையிலயும் நீதான் ஒண்ணும் ஆகாதுன்னே. என் அண்ணனை ஆத்துக்குக் குடுத்தோம். இன்னும் உனக்குப் புரியலையா?"

வேன் புகையைக் கக்கிக்கொண்டு திருப்பத்தில் மறைந்த பிறகுதான் தராசக்கா கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். கை மரத்திருந்தது. புருஷன் போன அன்று சொன்ன அந்த 'ஒண்ணும் ஆகாது' அவளுக்குள் பல வருஷமாகக் கிடக்கிறது. யாரும் எடுத்துக் குத்த வேண்டியதில்லை, தானே குத்தும்.

டயர்கடைக்காரரிடம் போய் நின்றாள். அவருக்கு எந்தக் கோவிலும் கிடையாது.

"உங்க சாமி அனுப்புற தண்ணிக்கு நான் வந்து ஆள் தூக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டார். அவரும் கடை ஆட்களுமாக, போர்வையைத் தொட்டில் மாதிரி பிடித்து, ஐந்து பேரை விடுதி மாடியில் துணி உலர்த்தும் அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் தங்கள் கடைக்குத் திரும்பினார்கள். கடிகாரக்காரர் மேலே காவல் இருந்தார். அவரும் மலைக்குப் போகவில்லை.

வாத்தியாரைத்தான் தூக்க முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்தவர், பக்கம் திருப்பலாம், போர்வையில் மடக்கித் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். படியோ குறுகல்.

"விடும்மா," என்றார் அவர். "எத்தனை பேரை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். இன்னைக்கு என் முறை."

சனிக்கிழமை விடிந்ததே தெரியவில்லை. வானம் சட்டியைக் கவிழ்த்த மாதிரி கறுத்து இறங்கியிருந்தது. மதியத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது; மின்சாரம் போனது. தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. தண்ணீர் சாலையைத் தாண்டி, விடுதியின் கீழ்ப்படியை நக்கிப் பார்த்தது. பிறகு அடுத்த படி. தராசக்கா வாசலில் சாக்கு மூட்டைகளை அடுக்கிவிட்டு வாத்தியாரிடம் வந்தாள். திருப்பும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது.

கடிகாரக்காரர் இறங்கி வந்து தோளைப் பிடித்தார். கடிகார முள்ளையும் திருகாணியையும் தவிர எதையும் தூக்கியறியாத கை. இருவரும் தம் கட்டித் தள்ளினார்கள்; வாத்தியார் பாதி புரண்டு, வலியில் பல்லைக் கடித்து, மறுபடி மல்லாந்தார். இடுப்போரத்தில் தோல் சிவந்து, விரல் வைத்து அழுத்தினாலும் வெளுக்காத அளவுக்குக் கன்றியிருந்ததை அவள் பார்த்தாள். வெளியே ஏதோ பெரியதாக முறிந்து விழுந்தது. மேலே ஒரு கிழவி அழத் தொடங்கினாள். கடிகாரக்காரர் படியேறி ஓடினார்.

தராசக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெபம் வரவில்லை. ஒருவேளை எச்சரிப்புக்காரர் சொன்னது மெய்தானோ, இந்த மனுஷனை இந்தக் கட்டிலோடு நான்தான் கொல்லப்போகிறேனோ என்ற நினைப்புதான் வந்தது. மலைக்குப் போயிருந்தாலும் இந்த நினைப்பு கூடவே ஏறி வந்திருக்கும்.

சாக்கு மூட்டைகளைத் தாண்டிக்கொண்டு யாரோ உள்ளே வந்தார்கள். முழங்காலுக்கு மேல் நனைந்த சேலை, கையில் செருப்பு. நாத்தனார்.

"பொண்ணை அவ மாமியார்கிட்ட விட்டேன். காய்கறி லாரியில பாலம் வரைக்கும் வந்து, அங்கிருந்து நடந்தேன்," என்றாள் மூச்சுவாங்க. "உனக்காக ஒண்ணும் வரல. இந்த மனுஷனோட இடுப்பு ராத்திரியெல்லாம் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு."

"அடியே, பாலம் இருக்கா?"

"நான் தாண்டினப்போ இருந்துச்சு."

"வருகைப் பதிவு ஆச்சுன்னா வேலையைப் பாருங்க," என்றார் வாத்தியார்.

நாத்தனார் ஈரக் கையைச் சேலையின் காய்ந்த ஓரத்தில் துடைத்துக்கொண்டு இடுப்புப் பக்கம் போனாள். அப்போது ஜன்னல் விளிம்பிலிருந்த தராசக்காவின் கைபேசி அதிர்ந்தது; அவள் எடுத்து அழுத்தினாள். எச்சரிப்புக்காரரின் குரல், மழை இரைச்சலோடு, அறை முழுக்கக் கேட்டது. ஜெபத்தைக் கேட்டு ஆண்டவர் தவணை கொடுத்திருக்கிறாராம். இந்தச் சனிக்கிழமை இல்லை. அடுத்த சனிக்கிழமை. யாரும் மலையிலிருந்து இறங்க வேண்டாம். குரல் முன்பைவிட உறுதியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். தராசக்கா வாசலைப் பார்த்தாள். சாக்குகளுக்குக் கீழே, மேல்படியின் விளிம்பில், தண்ணீர் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் நின்றது.

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாத்தியாரின் தோளைப் பிடித்தாள்.

"மூச்சை இழு," என்றாள். "ஒண்ணு. ரெண்டு."