பதினான்காம் குழியில் ஒரு கோடு

கொடியைப் பிடுங்கிய நூர் முஹம்மது, குழிக்குள் ஒரு பந்து கிடப்பதைப் பார்த்தான். அவனுடைய பந்து ஆறடி தள்ளி மணல்மேல் கிடந்தது. குனிந்து குழியில் இருந்ததை எடுத்துத் திருப்பினான். நீல மையில் இரண்டு புள்ளிகள்.

"தனபாலு, தேடுனது போதும். இங்க வா."

தும்பைச் செடிகளுக்குள் மட்டையால் துழாவிக்கொண்டிருந்த தனபாலன் ஓடி வந்தான். நூர் நீட்டிய பந்தை வாங்கிப் பார்த்தான். அவனுடையதுதான்.

1973ஆம் வருஷம் பிப்ரவரி. அடையாற்றங்கரையில் இருந்த அந்த கோல்ஃப் கிளப்பில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான போட்டி, கடைசி நாள். பதினான்காவது குழியில் ஐந்து அடிக்குள் பந்தைப் போட வேண்டும் என்பது கணக்கு. நாலில் போட்டால் நல்ல ஆட்டம். மூன்றில் போட்டால் ஒரு மாதம் பேசுவார்கள். இரண்டில் போடுவதற்கு ஆல்பட்ராஸ் என்று பெயர். அந்தப் பெயருடைய பறவையை நம் கடற்கரையில் யாரும் பார்த்ததில்லை, அந்த அடியையும்தான். கிளப் தாழ்வாரத்தில் மாட்டியிருந்த தேக்குப் பலகையில், ஒரே அடியில் குழியில் போட்ட ஏழு பேரின் பெயர்கள் தங்க எழுத்தில் இருந்தன. ஆல்பட்ராஸ் என்ற தலைப்புக்குக் கீழே வெறும் தேக்குதான்.

தனபாலனின் முதல் அடி கோணலாகப் போயிருந்தது. வேப்பமர வரிசையைத் தாண்டிப் பக்கத்துக் குழிக்கான புல்வெளியில் பந்து விழுந்தது. அங்கிருந்து மரங்களுக்கு மேலாகக் கண்ணை மூடிக்கொண்டு அடித்த மாதிரி ஓர் அடி. குழியோ மேட்டுக்குப் பின்னால். பந்து எங்கே போனது என்று அவனும் பார்க்கவில்லை, நூரும் பார்க்கவில்லை, பை சுமந்து வந்த இருவரும் பார்க்கவில்லை.

நூர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் காலத்தில் அங்கே குழியைச் சுற்றிப் புல் கிடையாது. மணலில் பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து பரப்பிய கருத்த வட்டம். எறும்பு போனாலும் தடம் தெரியும். இப்போது அதில் நூரின் பந்து வந்த தடம் இருந்தது. நூரின் காலடி இருந்தது. வேறொன்றும் இல்லை.

"மச்சி, உன் பந்து இன்னா பறந்து வந்து குந்திச்சா?"

 அந்தக் கேள்விக்குள் இருந்த இன்னொரு கேள்வி தனபாலனுக்குத் தெரியும். இருவரும் சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து வந்து, அதே மைதானத்தில் பத்து வருஷம் பை சுமந்தவர்கள். அப்போது வெறுங்கால். முதலாளியின் பந்து புதரில் விழுந்தால், நடையை நிறுத்தாமல் கால் விரல்களால் கவ்விப் புல்வெளியில் கொண்டுவந்து விடுவார்கள். அதில் தனபாலனுக்கு நிகர் யாரும் இல்லை. ஒரு தடவை பிடிபட்டு ஆறு மாதம் வெளியே நின்றான். அன்று ஒட்டிக்கொண்ட 'விரலு' என்ற பெயர் இன்னும் போகவில்லை. இப்போது முதலாளி அவனே, காலில் ஷூ இருக்கிறது, பெயர் மட்டும் பழையது.

வட்டத்தின் ஓரத்தில், நீளக் கம்பில் கட்டிய கட்டையோடு தாயம்மா நின்றுகொண்டிருந்தார். அந்த மணலைச் சமன் செய்வது அவர் வேலை. தனபாலன் வீட்டுக்கு நாலாவது வீடு.

"யக்கா, யார்னா வந்தாங்களா இங்க?" என்று நூர் கேட்டான்.

"ஒரு ஈ காக்கா வரல."

"தடம் ஒண்ணும் இல்லியா?" என்றான் தனபாலன்.

தாயம்மாவின் முகம் மாறியது. "ஒரு கோடு இருந்துது நைனா. நான்தான் கட்டையால இழுத்து அழிச்சிட்டேன். ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி சுத்தமா இருக்கணும்னு தான சொல்லிக்கிறாங்க?"

ஆட்டக் கணக்கு அட்டையில் பதினான்காம் கட்டத்தை நூர் காலியாக விட்டான். தனபாலனின் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது சக ஆட்டக்காரனான அவன்தான். மீதி நான்கு குழிகளையும் ஆடினார்கள். முடித்தபோது மற்றப் பதினேழு குழிகளிலும் கூட்டி இருவரும் சமம், மற்ற ஆட்டக்காரர்கள் எல்லாம் பின்னால். காலிக் கட்டத்தில் இரண்டு என்று விழுந்தால் தனபாலனுக்குக் கோப்பை. பந்து தொலைந்ததாக வைத்தால், அபராத அடி சேர்ந்து, நூருக்கு. கோப்பை அடுத்த வருஷமும் வரும். ஆனால் இன்று யாரும் நம்பாமல் விட்டால், சாகும்வரை தனபாலன் விரலுதான்.

கிளப் செயலாளர் சிதம்பரநாதன் விசாரிக்கத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அபிராமபுரத்துக்காரர், ஓய்வுபெற்ற இன்ஜினீயர். தாயம்மா படிக்குக் கீழே நின்றார்.

"இதோ பாரும்மா, ஒரே கேள்வி. பந்து குழியில விழுந்ததைப் பாத்தியா?"

"இல்ல ஐயா. தண்ணி குடிக்கக் குழாயாண்ட போயிருந்தேன். வந்து பாத்தா கோடு கீது. பந்து கம்பத்துல பட்டு எங்கியோ தெறிச்சிட்டுதுன்னு நெனச்சேன்."

சிதம்பரநாதன் பலகையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "பாத்தேன்னு சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுது. இந்த கிளப்புக்கே பெருமை. நல்லா யோசிச்சுப் பாரு."

"பாக்காதத எப்டி ஐயா பாத்தேன்னு சொல்றது? நாளைக்குத் தனபாலு மூஞ்சில நான் முழிக்க வேணாம்?"

தனபாலன் ஷூவின் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த ஒரு சொல்லை அவர் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் அவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். காது சிவந்திருந்தது.

நூர் தூணை விட்டு முன்னால் வந்தான். "யக்கா, அந்தக் கோடு எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துது?"

"அத்த ஏன் கேக்குற நைனா! எல்லாரும் குளத்துப் பக்கமாத்தான அடிப்பாங்க? இது வேப்பமரத்துப் பக்கத்துலேர்ந்து குறுக்கால வந்துகிது. கொடிக் கம்பத்தாண்ட வந்து நின்னுகிது. எந்தக் கபோதி அடிச்சான்னு திட்டிக்கினேதான் இழுத்தேன்."

பை சுமந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"அந்தக் கபோதி இவன்தான் சார்," என்றான் நூர். "இன்னிக்கு வேப்பமரத்துக்கு அந்தாண்ட போனவன் இவன் ஒருத்தன்தான். மேட்டுக்குப் பின்னாடி இருக்கிற இந்தம்மாவுக்கு அது தெரிய வழியே இல்ல. அப்புறம் இவன் என் கண்ண உட்டு நவுரவும் இல்ல."

சிதம்பரநாதன் பேனாவை எடுக்கும் முன்பே நூர் பென்சிலால் கட்டத்தில் 2 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அட்டையைத் தனபாலனிடம் நீட்டினான்.

"இனிமே உன்ன விரலுன்னு கூப்ட முடியாது. கபோதின்னு கூப்டலாம்."

தனபாலன் சிரிக்க முயன்றான். கையெழுத்துப் போடும்போது பென்சில் முனை ஒடிந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தாயம்மா பதினான்காம் குழிக்கு வந்தபோது, தனபாலன் பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். மட்டை எதுவும் கொண்டுவரவில்லை.

"இன்னா நைனா, கோப்ப வாங்கினவன் தூங்க வேணாம்?"

"யக்கா, அது எப்டி வந்துதுன்னு காட்டேன்."

"எது?"

"கோடு. நான் அடிச்சேன், ஆனா நான் பாக்கல. யாருமே பாக்கல. நீ ஒருத்திதான் மிச்சத்தையாவது பாத்தவ."

 தாயம்மா கட்டையைத் திருப்பிப் பிடித்து, வேப்பமரத்துப் பக்கத்து விளிம்பில் கம்பின் நுனியை வைத்தார். அங்கே சின்னதாக ஒரு குழிவு போட்டார். அதிலிருந்து இரண்டு சாண் விட்டு இன்னொன்று. அப்புறம் கோடு தொடங்கியது. முதலில் குழியைத் தாண்டிப் போய்விடும்போல நேராக வந்து, நடுவில் மெல்ல வளைந்து, கடைசியில் நடக்க முடியாதவர் நடப்பதுபோலத் தயங்கிக் குழியின் உதட்டில் முடிந்தது.

"இவ்ளோ வளைஞ்சுதா?"

"ஆமா. அதான் எனக்குக் கோவம். இழுக்கறதுக்கு ரெண்டு சுத்து அதிகம்."

தனபாலன் அந்த வளைவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். தொடவில்லை. குளத்துப் பக்கமிருந்து பேச்சுக் குரல்கள் கேட்டன. காலை ஆட்டத்துக்கு யாரோ வந்துகொண்டிருந்தார்கள்.

"எழுந்திரு நைனா, ஆளு வருது," என்றார் தாயம்மா.

அவன் எழுந்து வட்டத்துக்கு வெளியே வந்தான். அவர் குழியில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி, பின்னால் நடந்தபடியே மணலை இழுத்தார்.